டிசைன் போட்டோவிலிருந்து ஏஐ போட்டுத் தரும் மெஷர்மென்ட் சார்ட்: எந்த எண்ணை நம்பலாம்?

மெர்ச்_டேபிள்

வணக்கம். திருப்பூர் பக்கம் மெர்ச்சண்டைசிங்கில் இருப்பவர்கள், பேட்டர்ன் மாஸ்டர்கள் பார்த்துச் சொல்லவும்.

பையரிடமிருந்து டெக் பேக் (அளவு, தையல், துணி விவரமெல்லாம் இருக்கும் கோப்பு) வரவில்லை. ஆண்கள் ஓவர்சைஸ் டி-ஷர்ட் ஒன்றை டைல்ஸ் தரையில் விரித்து, மேலிருந்து எடுத்த ஒரே ஒரு போட்டோ. கூடவே மெயிலில் ஒரு வரி: மீடியம் சைஸ், ஹெச்பிஎஸ்ஸிலிருந்து (கழுத்தருகே தோளின் உச்சிப்புள்ளி) நீளம் 72 செ.மீ., 240 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 240 கிராம்) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி. எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை சார்ட் போட்டு விலை சொல்ல வேண்டும்.

போட்டோவை ஒரு சாட் ஏஐயில் ஏற்றி, 72 என்பதையும் சொல்லி சார்ட் கேட்டதற்கு மீடியத்துக்குக் கிடைத்தது இது. எல்லாம் செ.மீ., விரித்து வைத்த அளவு:

மார்பு 56, ஹெம் (கீழ்விளிம்பு) 56, தோள் 46, ஸ்லீவ் நீளம் 22, ஸ்லீவ் வாய் 18, ஆர்ம்ஹோல் (கைக்குழி) நேராக 24, கழுத்து அகலம் 18, முன்கழுத்து இறக்கம் 8, பின்கழுத்து 2.

கிரேடிங் (ஒரு சைஸிலிருந்து அடுத்த சைஸுக்குக் கூடும் அளவு): சைஸுக்கு மார்பு 5, நீளம் 2, தோள் 2, கழுத்து அகலம் 1.

இந்த எண்களை அது படத்திலிருந்து எடுத்ததா, சும்மா அடித்து விட்டதா? அப்படியே முதல் மாதிரியான ப்ரோட்டோ சாம்பிளுக்குக் கொடுக்கலாமா?

பேட்டர்ன்மேசை

படத்திலிருந்து எடுத்தது இல்லைங்க. உங்க சார்ட்டிலேயே சாட்சி இருக்கு. மார்பு 56, தோள் 46. தோள் 45, 46 என்பது மார்பு 52 இருக்கிற சாதா ரெகுலர் ஃபிட் மீடியத்தோட அளவு. "ஓவர்சைஸ்"னு நீங்க சொன்னதும் மார்பை மட்டும் ஏத்திட்டு, தோளை ரெகுலர்லயே விட்டிருக்கு. டிராப் ஷோல்டரா இருந்தா தோள் தையல் கைமேல இறங்கி நிக்கும். அப்போ தோள் 53, 54க்குக் குறைய வாய்ப்பே இல்லை.

சந்தேகம் இருந்தா ஒரு சோதனை பண்ணுங்க. புது சாட் திறந்து அதே போட்டோவைப் போட்டு, நீளம் 60னு பொய் சொல்லுங்க. நிஜமா படத்தை அளந்திருந்தா எல்லா எண்ணும் அதே விகிதத்துல சுருங்கணும். 72 சாட்டுல மார்பு 56 வந்திருந்தா இப்போ 46.7 வரணும். திரும்பவும் 54, 55னு சொன்னா, அது பார்த்துச் சொல்லலை, மனப்பாடத்துல இருந்து சொல்லுதுன்னு அர்த்தம்.

போட்டோவுல செ.மீ. கிடையாதுங்க, விகிதம் மட்டும்தான் இருக்கு. பையர் 72னு ஒரு நிஜ அளவு கொடுத்திருக்கார், அது போதும். இமேஜ்ஜேனு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதுல போட்டோவைத் திறங்க. ஸ்ட்ரெய்ட் லைன் கருவியை எடுத்து ஹெச்பிஎஸ், அதாவது தோள் தையல் கழுத்தைத் தொடுற உச்சிப்புள்ளியிலிருந்து ஹெம் வரைக்கும் கோடு போடுங்க. கோடு முன்நடுவுக்கு இணையா நேரா இறங்கணும், சாயக் கூடாது. அனலைஸ் மெனுல செட் ஸ்கேல், நோன் டிஸ்டன்ஸ்ல 72, யூனிட்ல செ.மீ. அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு அளவுக்கும் கோடு போட்டு எம் விசையைத் தட்டினா செ.மீ.லயே வந்துடும். மார்பை ஆர்ம்ஹோலுக்கு 2.5 செ.மீ. கீழே எடுங்க. ஆர்ம்ஹோல்லயே எடுக்கிற பையரும் உண்டு, எது எடுத்தீங்கன்னு சார்ட்ல எழுதிடுங்க.

கழுத்துலதான் நிறைய பேர் சறுக்குறாங்க. தையலுக்குத் தையலா, ரிப் (கழுத்துப் பட்டை) உள்விளிம்புக்கு உள்விளிம்பா? ரிப் 2.5 அகலம்னா ரெண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 5 செ.மீ. வித்தியாசம். ஏஐ சொன்ன 18 எதுன்னு அதுக்கே தெரியாது.

பின்கழுத்து இறக்கம், பின்பக்க யோக், உள்டேப் எதையும் இந்தப் போட்டோவுல தேடாதீங்க. உங்ககிட்ட இருக்கிற டிராப் ஷோல்டர் பேஸ் பிளாக்ல (அடிப்படைப் பேட்டர்ன்) இருந்து எடுத்துக்கோங்க.

கிரேடிங்கைப் பத்தித் தனியா எழுதுறேன், அதுல பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு.

மெர்ச்_டேபிள்

நன்றி மாஸ்டர். 60 சோதனையில் மார்பு 55 என்று வந்தது, அதோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

இமேஜ்ஜேயில் 72 செ.மீ. = 1800 பிக்சல், அதாவது செ.மீ.க்கு 25. அந்தக் கணக்கில் மார்பு 1450, ஹெம் 1425, தோள் 1375, ஸ்லீவ் நீளம் 500, ஸ்லீவ் வாய் 525, ஆர்ம்ஹோல் நேர் 650, கழுத்து அகலம் தையலுக்குத் தையல் 475, முன்கழுத்து 225. செ.மீ.யில் 58, 57, 55, 20, 21, 26, 19, 9. இதையே வைத்துக்கொள்ளலாமா?

லென்ஸ்கோணம்

கொஞ்சம் பொறுங்கள். ஹெம் 57, மார்பு 58, தோள் 55 என்ற வரிசையைப் பார்த்தால் கேமரா சாய்ந்திருக்குமோ என்று தோன்றுகிறது. கையில் பிடித்து எடுக்கும் போட்டோவில் 5 டிகிரி சாய்வு வெகு சாதாரணம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 72 செ.மீ. உடுப்பை எடுக்கும்போது 5 டிகிரி சாய்ந்தால், தோள் பக்கத்துக்கும் ஹெம் பக்கத்துக்கும் ஸ்கேலில் 4 சதவீதம் வித்தியாசம் வரும். கேமராவுக்குக் கிட்டே இருக்கும் முனை 2 சதவீதம் பெருத்தும், எதிர்முனை 2 சதவீதம் சிறுத்தும் தெரியும். 55 செ.மீ. தோளில் அது 1.1 செ.மீ. நேரான பாடி கீழே குறுகிய மாதிரி காட்டும். ஒற்றை ஸ்கேல் வைத்து அளக்கும் எந்த முறையாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் அதிர்ஷ்டம், தரை டைல்ஸ். டைல் எத்தனை செ.மீ. என்று தெரிய வேண்டியதில்லை. தோள் மட்டத்தில் இரண்டு செங்குத்து இணைப்புக் கோடுகளுக்கு இடையே எத்தனை பிக்சல், அதே இரு கோடுகளுக்கு இடையே ஹெம் மட்டத்தில் எத்தனை என்று பாருங்கள். சமமாக இருந்தால் சாய்வு இல்லை.

சாய்வு இருந்தால், ஒரு டைல் செவ்வகத்தின் நான்கு மூலைகளைக் கொடுத்து ஓப்பன்சிவி என்ற பட நிரல் நூலகத்தில் கெட்-பெர்ஸ்பெக்டிவ்-டிரான்ஸ்ஃபார்ம், வார்ப்-பெர்ஸ்பெக்டிவ் என்ற இரண்டு ஃபங்ஷன்களை ஓட்டினால் படம் நிமிர்ந்துவிடும். ஏஐயை உண்மையில் இங்கே பயன்படுத்தலாம்: அந்தப் பத்து வரி பைத்தான் நிரலை எழுதித் தரச் சொல்லுங்கள், ஒழுங்காக எழுதும். கோட் தெரியாதவர்கள் ஃபோட்டோஷாப்பின் பெர்ஸ்பெக்டிவ் கிராப்பில் அதே நான்கு மூலைகளைப் பிடித்தாலும் போதும். ஆனால் கிராப் செய்தபின் அகல உயர விகிதத்தை டைலின் விகிதத்துக்குச் சரிசெய்ய வேண்டும். சதுர டைல் என்றால் சதுரமாகவே வர வேண்டும்.

இனி நீங்களே சாம்பிளைப் படமெடுப்பதாக இருந்தால்: உடுப்பின் நான்கு பக்கமும் ஏ4 தாள்கள், ஒவ்வொன்றும் 210 க்கு 297 மி.மீ. மொபைலின் வைடு லென்ஸ் வேண்டாம். 2 மீட்டர் உயரத்தில் 2எக்ஸ் வைத்து எடுங்கள், ஓர வளைவு குறையும். துணியின் தடிமனையும் மறக்க வேண்டாம். 150 செ.மீ. உயரத்தில் 1 செ.மீ. எழும்பி நிற்கும் பகுதி 0.7 சதவீதம் பெரிதாகத் தெரியும். டி-ஷர்ட்டில் பரவாயில்லை. 3 செ.மீ. எழும்பும் ஃப்ளீஸ் ஹூடியில் அதுவே 2 சதவீதம், 60 செ.மீ. மார்பில் 1.2 செ.மீ.

மெர்ச்_டேபிள்

டைல் பார்த்தேன். தோள் மட்டத்தில் 1512 பிக்சல், ஹெம் மட்டத்தில் 1468. நிமிர்த்திய படத்தில் மறுபடி 72க்கு ஸ்கேல் வைத்து அளந்ததில் தோள் 54.2, மார்பு 57.8, ஹெம் 57.9.

லென்ஸ்கோணம்

சாய்வு இருக்கிறது, இரண்டு முனைக்கும் ஸ்கேலில் 3 சதவீதம் வித்தியாசம். அந்த எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தோள் 54, மார்பு 58, ஹெம் 58. ஸ்லீவையும் கழுத்தையும் நிமிர்த்திய படத்திலேயே இன்னொரு முறை எடுத்துவிடுங்கள், அவை மேல்முனையில் இருப்பதால் கால் செ.மீ. போல மாறலாம்.

பேட்டர்ன்மேசை

இப்போ கிரேடிங். ஏஐ மார்புக்கு சைஸுக்கு 5 ஏத்தியிருக்கு. 5ங்கிறது சுற்றளவோட கிரேடுங்க. சார்ட் பாதி அளவுல இருக்கு, அதனால 2.5தான். அது சொன்னபடி போனா மீடியம் 56, லார்ஜ் 61, எக்ஸ்எல் 66, டபுள் எக்ஸ்எல் 71. சுற்றளவு 142. அதுல ரெண்டு பேர் போகலாம். சரியான கணக்குல எஸ் 55.5, எம் 58, எல் 60.5, எக்ஸ்எல் 63, டபுள் எக்ஸ்எல் 65.5.

காரணம் என்னன்னா, உடம்பு அளவு அட்டவணைகள் எல்லாம் சுற்றளவுல இருக்கும். உடம்பு அளவுகளை வரையறுக்கிற ஐஎஸ்ஓ 8559ம் அப்படித்தான். உடுப்பு சார்ட் விரிச்சு வச்ச பாதி அளவுல இருக்கும். ஏஐ படிச்ச ரெண்டும் ஒண்ணாக் கலந்துடுது.

கழுத்து அகலத்துக்கு 1 வேண்டாம், 0.5 போதும். முன்கழுத்துக்கு 0.3ல இருந்து 0.5. தோள் 2 வச்சுக்கலாம். ஆர்ம்ஹோல் 1, ஸ்லீவ் நீளம் 1. டிராப் ஷோல்டர்ல ஸ்லீவ் நீளத்தைத் தனியாப் பார்க்காதீங்க. பின்கழுத்து நடுவுல இருந்து ஸ்லீவ் விளிம்பு வரைக்கும் கூட்டிப் பாருங்க. ஏஐ சார்ட்ல 23 + 22 = 45. உங்க அளவுல 27 + 20 = 47. தோளையும் ஸ்லீவையும் தனித்தனியாப் பார்த்தா ரெண்டுமே நம்புற மாதிரி இருக்கும், கூட்டினாத்தான் பொய் வெளியே வரும்.

டூக்காகேட், கெர்பர் எதுல பேட்டர்ன் போட்டாலும் ஸ்லீவ் கேப் (ஸ்லீவோட மேல் வளைவு) நீளத்தையும் ஆர்ம்ஹோல் வளைவையும் எல்லா சைஸ்லயும் ஒத்துப் பாருங்க. சார்ட்ல இருக்கிற 26 நேர் அளவு, வளைவு அதைவிட நீளம். ஏஐக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லலைன்னா ரெண்டையும் ஒண்ணாவே எடுத்துக்கும்.

கட்டிங்_ரூம்

விலை கேட்டிருந்தீர்களே, அதற்கு இந்த 2 செ.மீ. எவ்வளவு என்று பாருங்கள்.

நீளம் 72 + ஸ்லீவ் 20 + மடிப்பும் தையலும் 8 = 100. மார்பு 58 + 2 = 60, இரண்டு பக்கமும் 120. 100 × 120 = 12,000 சதுர செ.மீ., அதாவது 1.2 சதுர மீட்டர். 240 ஜிஎஸ்எம்முக்கு 288 கிராம். ரிப்பும் கட்டிங் வேஸ்டும் தனி.

மார்பில் 1 செ.மீ. கூடினால் 200 சதுர செ.மீ., 4.8 கிராம். ஏஐ சொன்ன 56க்கு விலை கொடுத்துவிட்டு 58 தைத்தால் பீஸுக்கு 9.6 கிராம் துணி கையைவிட்டுப் போகும். பத்தாயிரம் பீஸ் ஆர்டருக்கு 96 கிலோ. சராசரிக்கு மீடியத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. சைஸ் ரேஷியோ எல், எக்ஸ்எல் பக்கம் சாய்ந்தால் நீங்களே திரும்பப் போட வேண்டும்.

கியூசி_டேப்

எல்லோரும் ஒரு பாயிண்ட்டைத் தாண்டிப் போகிறீர்கள். மார்புக்குப் பையர் தரும் டாலரன்ஸ் (ஏற்கும் வித்தியாசம்) சாதாரணமாக ±1, கழுத்துக்கு ±0.5. நிமிர்த்திய போட்டோவில் எடுத்தாலும் அரை செ.மீ. பிழை இருக்கும். டாலரன்ஸில் பாதியைப் போட்டோவே தின்றுவிடும், கழுத்தில் முழுசையும். எனவே இது ப்ரோட்டோவுக்கான சார்ட் மட்டும். பையர் ஃபிட் சாம்பிளைப் பார்த்து ஓகே சொன்ன அளவுதான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் சார்ட்.

போட்டோவில் இருப்பது துவைத்த பீஸா, புதுசா என்று பையரிடம் கேளுங்கள். சிங்கிள் ஜெர்சி நீளத்தில் 5 சதவீதம் சுருங்கும் என்றால், துவைத்தபின் 72 நிற்க 72 ÷ 0.95 = 75.8 வெட்ட வேண்டும். 72ல் 5 சதவீதம் கூட்டி 75.6 என்று போடுகிறது ஏஐ சில நேரம், 2 மி.மீ.தான், ஆனால் 8 சதவீதச் சுருக்கத்தில் அதே தவறு அரை செ.மீ. ஆகிவிடும். சுருக்கம் எவ்வளவு என்பதை உங்கள் துணியின் வாஷ் டெஸ்ட் சொல்ல வேண்டும், ஏஐ இல்லை.

ஸ்ட்ரெச் அளவு எந்தப் போட்டோவிலும் தெரியாது. குழந்தைகள் ஸ்டைலுக்கு இந்த முறையைக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: டபிள்யூஎச்ஓ அட்டவணைப்படி 12 மாத ஆண் குழந்தையின் தலைச்சுற்று நடுமதிப்பு 46 செ.மீ. கழுத்தை இழுத்துப் பிடித்தால் அதைத் தாராளமாகத் தாண்டி விரிய வேண்டும். "குறைந்தபட்ச கழுத்து ஸ்ட்ரெச்" என்று சார்ட்டில் தனி வரி போடுங்கள். ஏஐ தானாக அந்த வரியைப் போடுவதில்லை. இன்னொன்று, படத்தில் ஹூடுக்குக் கயிறு தெரிந்தால் கயிறு நீளத்துக்கும் ஒரு வரி போட்டுவிடும்; ஐரோப்பாவின் ஈஎன் 14682 படி 7 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் ஹூடிலும் கழுத்திலும் கயிறே கூடாது.

மெர்ச்_டேபிள்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த ஸ்டைல் அதே பையரின் ஹூடி, மாடல் போட்டிருக்கும் படமும் ஒரு டிசைன் ஸ்கெட்ச்சும் மட்டும். அதற்கும் இதே வழிதானா? அப்புறம், ஏஐயிடம் எப்படிக் கேட்டால் உருப்படியாக வரும்?

லென்ஸ்கோணம்

மாடல் படத்தில் அகலங்களை அளக்க வேண்டாம். உடம்பு உருண்டை. முன்னாலிருந்து தெரியும் அகலம் 32, பக்கவாட்டு ஆழம் 22 என்றால் நீள்வட்டக் கணக்கில் சுற்றளவு 85.5, பாதி 42.8. படத்தில் தெரிவது 32தான். ஆழம் எவ்வளவு என்று படம் சொல்லாது. போதாததற்கு ஷூட்டில் பின்னால் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். பாக்கெட் அகலம், ரிப் உயரம், பிரின்ட் இடம், ஹெம் இடுப்பில் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் எடுக்கலாம்.

உடுப்பின் மூலைகளைத் தானாகக் குறிக்கும் மாடல்கள் இருக்கின்றன. 2019ல் வந்த டீப்ஃபேஷன்2 தரவுத்தொகுப்பு 13 வகை உடுப்புகளுக்குப் புள்ளிகளைக் குறித்திருக்கிறது. அரைக்கை டாப்புக்கு 25 புள்ளி. ஆனால் அவை தையல் மேல் அரை செ.மீ. துல்லியத்துக்காகக் குறிக்கப்பட்டவை அல்ல. நூற்றுக்கணக்கான படங்களை வடிகட்ட உதவும், ஒரு ஸ்டைலுக்குக் கையால் கோடு போடுவதே வேகம்.

பேட்டர்ன்மேசை

ஸ்கெட்ச் பத்தி ஒரு வார்த்தை. ஃபேஷன் ஸ்கெட்ச்னா உருவம் ஒன்பது தலை உயரத்துக்கு நீட்டி வரைஞ்சிருக்கும், அதுல விகிதமே பொய். ஃப்ளாட் ஸ்கெட்ச்சா (உடுப்பை மட்டும் விரிச்சு வச்ச மாதிரி வரையறது) இருந்தா நீளத்தை மார்பால வகுத்துப் பாருங்க. ரெகுலர் டி-ஷர்ட்டுக்கு 72 ÷ 52, அதாவது 1.4 சுமார். உங்க ஓவர்சைஸுக்கு 72 ÷ 58 = 1.24. ஓவர்சைஸ்னு எழுதிட்டு ஸ்கெட்ச்ல 1.5, 1.6 வந்தா, அழகுக்காக ஒல்லியா வரைஞ்சிருக்காங்க, அதை அளக்காதீங்க.

ஏஐகிட்ட கேட்கிறதை ரெண்டாப் பிரிச்சுக் கேளுங்க. முதல்ல எண்ணே கேட்காதீங்க: "இந்தப் படத்தில் தெரியும் தையல், ரிப், பாக்கெட், ஹெம் எல்லாவற்றையும் பட்டியலிடு. ஒவ்வொன்றுக்கும் எந்த அளவு வேண்டும், எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்று எழுது. எண் போடாதே. படத்தில் தெரியாததைத் தெரியவில்லை என்று குறி." இதுல நல்லாவே வேலை செய்யும். ஹூடிக்குன்னா ஹூட் உயரம், ஹூட் அகலம், கங்காரு பாக்கெட் வாய் சரிவு, கஃப் ரிப் உயரம்னு நாம விடுறதைக்கூட எடுத்துக் கொடுக்கும்.

அளவெல்லாம் நீங்க கையில எடுத்தபிறகு ரெண்டாவது: "மீடியம் அளவும் கிரேடு விதியும் இதோ. மற்ற சைஸ்களை எக்ஸெல் ஃபார்முலாவாகக் கொடு, விடையை நீ கணக்கிடாதே." ஃபார்முலாவா வாங்கினா கூட்டல் தப்பு வராது, கிரேடு மாத்தினா எல்லா சைஸும் தானா மாறும்.

அமெரிக்க பையருக்கு இன்ச்சுல கேட்டீங்கன்னா, 1/2னு எக்ஸெல்ல ஒட்டினதும் அது தேதியா மாறிடும். ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட்டா மாத்துங்க, இல்லைன்னா 0.5, 0.125னு தசமத்துல வாங்குங்க.

கியூசி_டேப்

பையரின் படத்தை வெளி ஏஐயில் ஏற்றலாமா என்பதை முதலில் அக்ரிமென்ட்டில் பாருங்கள். வராத சீசனின் ஆர்ட்வொர்க்கை வெளியே விடக் கூடாது என்று பெரும்பாலான பையர் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஏற்ற அனுமதி இருந்தாலும் பிரின்ட், மெயின் லேபிள் இரண்டையும் மறைத்துவிட்டு ஏற்றுங்கள். அளவுக்கு அவை தேவையில்லை.

சார்ட்டில் கடைசியாக ஒரு நெடுவரிசை சேருங்கள், "எங்கிருந்து வந்தது" என்று. நீளம் 72: பையர் மெயில். மார்பு 58, தோள் 54: போட்டோ. பின்கழுத்து 2: பேஸ் பிளாக். கிரேடு: நமது விதி. அந்த நெடுவரிசையோடேயே பையருக்கு அனுப்பி, போட்டோ என்று குறித்த வரிகளை மட்டும் உறுதி செய்யச் சொல்லுங்கள். எட்டு வரிதான், பதில் சீக்கிரம் வரும். பதில் வராமல் விலை கொடுக்க வேண்டி வந்தால், "மீடியம் மார்பு 58 அடிப்படையில்" என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.